வெயிலில் வைத்த கட்டை

2049 அக்டோபர் 19, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து மணி நாற்பது நிமிடம். கங்கைகொண்டானில் வெப்பம் முப்பத்து மூன்று பாகை, காற்றின் ஈரம் எண்பத்து நான்கு விழுக்காடு, வானம் முழுவதும் மேகம், மழை இல்லை. மின்கலப் பரிசோதனை நிலையத்தின் முதன்மை ஆய்வர் சண்முகவடிவு இவ்விவரங்களைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, எழுதியதை ஒருமுறை படித்து, ‘மழை இல்லை’ என்பதை ‘இதுவரை மழை இல்லை’ என்று திருத்தினார்.

மாலை நான்கு மணிக்குள் அவர் ஒரு தாளில் கையொப்பமிட வேண்டும். நவம்பர் முதல் நாளிலிருந்து மாநிலத்தில் பீடியும் சிகரெட்டும் விற்கக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. பழகிய நுரையீரலுக்குச் சட்டம் புரியாது. ஆகவே, விண்ணப்பித்த நான்கு லட்சம் பேருக்கும் அரசு ஓர் ஆவிக்குழலை இலவசமாகக் கொடுக்கவிருந்தது. பேனாவைவிடச் சற்றுத் தடித்த குழல். உள்ளே நிகோட்டின் கலந்த நீர்மம். அதைச் சூடாக்க ஒரு மின்கலம். இழுத்தால் ஆவி வரும், புகை வராது.

திட்டத்தை வகுத்தவர்கள் ஒரு புதுமை செய்திருந்தார்கள். நிகோட்டினின் அளவை மின்னணுப் பூட்டால் கட்டுப்படுத்தினால், ஒரே வாரத்தில் யாராவது பூட்டை உடைத்துவிடுவார்கள். எனவே மின்கலத்தையே அளவுகோல் ஆக்கினார்கள். குழலை நியாயவிலைக் கடையில் மட்டுமே, நாளுக்கு ஒருமுறை மட்டுமே மின்னேற்ற முடியும். முதல் மாதம் நூற்றிருபது இழுப்புக்கு உரிய மின்சாரம் கிடைக்கும். மாதந்தோறும் நான்கு இழுப்புகள் குறையும். முப்பது மாதத்தில் மனிதனுக்கும் குழலுக்கும் உள்ள உறவு முடிந்துவிடும். தாளில் அது மிகத் தெளிவாக இருந்தது.

எஞ்சியது ஒரே கேள்வி: எந்தக் கலம்?

போட்டியில் இரண்டு கலங்கள் இருந்தன. அவற்றுக்கு நீளமான குறியெண்கள் உண்டு; நிலையத்தில் யாரும் அவற்றைச் சொல்வதில்லை. தொழில்நுட்பப் பணியாளர் பீர்முகமது ஒன்றுக்குச் சூரன் என்றும் மற்றதற்குச் சாது என்றும் பெயர் வைத்திருந்தார். சூரன் சிறியது, வலுவானது. நான்கு லட்சம் கலங்கள் சென்னைக் கிடங்கில் வந்து இறங்கிவிட்டன. அதிகமாகச் சூடேறினால் உள்ளே இருக்கும் மெல்லிய படலத்தின் துளைகள் அடைபட்டு, கலம் தானே செத்துவிடும், தீப்பிடிக்காது. சாது இருமடங்கு எடை. அதை வைத்தால் குழல் டார்ச் விளக்கைப் போலாகிவிடும். ஆணி அடித்தாலும் அது எரியாது. ஆனால் கைவசம் ஒரு லட்சமே உண்டு. மிச்சம் வந்துசேரப் பதினான்கு மாதம் ஆகும்.

இரண்டும் எல்லாச் சோதனைகளிலும் தேறியிருந்தன. திருநெல்வேலியில் அறுநூறு பேர் சூரன் வைத்த குழலைப் பதினொரு மாதமாகப் பயன்படுத்தி வந்தார்கள். ஒரு தீ விபத்தும் இல்லை. பதினான்கு கலங்கள் மட்டும் செத்துத் திரும்பி வந்தன. அறிக்கையில் அவற்றுக்கு நேரே ‘காப்பு முறையாகச் செயற்பட்டது’ என்று சண்முகவடிவே எழுதியிருந்தார்.

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“மேடம், அந்த மூடியைக் கொஞ்சம் மாட்டி வைங்க,” என்றபடி பீர்முகமது உள்ளே வந்தார். கையில் ஒரு முட்டைத் தட்டு. குழிக்கு ஒன்றாகச் செத்த கலங்கள் பதினான்கும் நின்றன.

“என்ன பாய்?”

“அனுப்பறதுக்கு முன்னால துடைச்சு வைப்போம்னு எடுத்தேன். எல்லாத்துக்கும் ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருக்கு. மறுபக்கம் நீலம் அப்படியே இருக்கு.”

“உறையின் சாயம் மட்டமாக இருக்கும்.”

“சாயம் மட்டம்னா சுத்திலும்லா வெளுக்கணும்? இது கொடியில போட்ட சட்டை மாதிரி வெளுத்திருக்கு. குழலுக்குள்ள இருக்கிற பேட்டரிக் கட்டைக்கு வெயில் எங்கேருந்து வந்துச்சு?”

சண்முகவடிவு ஒரு கலத்தை எடுத்துச் சுழற்றிப் பார்த்தார். வெளுப்பு சரியாகப் பாதிச் சுற்றளவுக்கு இருந்தது. பதினான்கையும் பார்த்தார். பிறகு திரும்பி வந்தவற்றின் பட்டியலை எடுத்தார். பதினான்கு பேரும் நயினார்குளம் சந்தைக்கு அருகிலுள்ள ஒரே நியாயவிலைக் கடையில் மின்னேற்றுபவர்கள். இதை அவர் முன்பே கண்டிருக்க வேண்டும். பட்டியலைப் பெயரின் அகரவரிசையில் அடுக்கியிருந்தார்; அதனால் காணவில்லை.

“பதினஞ்சாவது ஆளு வராந்தாவுல உக்காந்திருக்காரு,” என்றார் பீர்முகமது. “கட்டை மாத்தணுமாம். அதே கடைதான்.”

ஞானதிரவியம் சந்தையில் மூட்டை தூக்குபவர், ஐம்பத்தெட்டு வயது. நாற்பது வருடம் பீடி குடித்தவர்; பதினொரு மாதமாகத் தொடாதவர். செத்த குழலை ஒரு கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது.

“காலையிலேருந்து ஒரு இழுப்புகூட இல்லம்மா. வேற ஒண்ணு குடுத்தீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன்.”

சண்முகவடிவு குழலைத் திறந்து கலத்தை எடுத்தார். ஒரு பக்கம் வெளுத்திருந்தது. குழலின் அடிமூடியில் ஊக்கு கீறிய தடங்கள்.

“அண்ணாச்சி,” என்றார் பீர்முகமது, “இதை வெயில்ல காய வச்சீராவே?”

“வெயில்லயா? எதுக்கு, வத்தலா போடுதேன்?”

“எங்க வாப்பா ரேடியோக் கட்டையை ஓட்டு மேல வரிசையா அடுக்கி வைப்பாரு. சாயங்காலம் எடுத்துப் போட்டா செய்தி முடியுற வரைக்கும் பாடும்.”

ஞானதிரவியத்தின் முகத்தில் ஒரு நொடி சிரிப்பு வந்து போனது.

“எங்க வீட்டுல பல்லால ஒரு கடி கடிச்சிட்டு வைப்பாங்க,” என்றார். பிறகு சண்முகவடிவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“சொல்லுங்கள். இப்போது நான் எதையும் எழுதவில்லை.”

ஞானதிரவியம் அவருடைய பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“முதல்ல எல்லாம் ராத்திரி படுக்குற வரைக்கும் வந்துச்சும்மா. மாசாமாசம் குறைக்காங்கள்லா. இப்போ ரெண்டு மணிக்கே நின்னு போவுது. மூணு லோடு பாக்கி இருக்கும், கை நடுங்கும், மூட்டை நிக்காது. ஒருநாள் சும்மா ஊக்கை விட்டுத் திறந்து தகரக் கொட்டகை மேல வச்சேன். அரை மணி நேரம். எடுத்துப் போட்டா எட்டு இழுப்பு குடுத்துச்சு. நல்ல கெட்டியான ஆவி.”

“கிடைக்கும்,” என்றார் சண்முகவடிவு. “சூடேறினால் கலத்தின் உள்ளே இருக்கும் தடை குறையும். அடியில் தங்கிய மின்சாரமும் வெளியே வரும்.”

“அப்ப நான் கண்டுபிடிச்சது சரிதான?”

“சரிதான்.”

“சந்தையில மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுத்தேன். கஷ்டப்படுதானுங்க, பாவம். பதினாலு பேரு.” குரலைத் தாழ்த்தினார். “இதை எழுதிராதீங்கம்மா. ஊக்கு போட்டுத் திறந்தாலே பேரை வெட்டிருவோம்னு அட்டையில போட்டிருக்கு. எனக்கு இது இல்லைன்னா இன்னிக்கே பீடிதான். டாக்டர் படம் எடுத்துக் காட்டினாரு. இனி ஒரு வருசம் புகைச்சா நெஞ்சு தாங்காதுன்னு சொல்லிட்டாரு.”

சண்முகவடிவு அவரை வராந்தாவில் இருக்கச் சொல்லிவிட்டு அறைக்குள் முன்னும் பின்னும் நடந்தார். அப்படி நடப்பது அவருக்கு வழக்கமில்லை.

“எழுபது பாகையில் நாம் சோதித்தோம், பாய். சூரன் தேறியது.”

“அடுப்புப் பெட்டிக்குள்ள வச்சுச் சோதிச்சோம். அதுல நாலு பக்கமும் ஒரே சூடு. தகரத்து மேல வச்சா அப்படியா?”

அதுதான் அவரை நடக்க வைத்தது. நாலா பக்கமும் ஒரே சூடானால் படலம் முழுவதும் ஒன்றாக அடைபடும், கலம் சாகும், அதற்குமேல் மின்னேறாது. ஒரு பக்கம் மட்டும் சுட்டு, அந்தச் சூட்டோடு எட்டு முறை இழுத்தால்? பாதிப் படலம் அடைபட்டு மறுபாதி திறந்தே இருக்கலாம். அந்தக் கலம் செத்திருக்காது. மறுநாள் மின்னேற்றும்போது முழு மின்சாரமும் திறந்த பாதி வழியாக முண்டியடிக்கும். இந்தப் பதினான்கும் முழுவதும் செத்தவை. அறிக்கை அதைக் காப்பு என்றது. அது தற்செயலாக இருக்கலாம்.

சன்னலுக்கு வெளியே வானம் சாம்பல் நிறத்தில் அசையாமல் நின்றது.

“வெயிலுக்கு எங்க போறது?” என்றார் பீர்முகமது. பிறகு தாமே, “கேன்டீன்ல தோசைக்கல் இருக்கு,” என்றார்.

தோசைக்கல்லை எண்ணெய் போகத் தேய்த்துக் கழுவி, மின்னடுப்பில் வைத்து, அறுபத்தெட்டு பாகையில் நிறுத்தினார்கள். கேன்டீன்காரர் வாசலில் நின்று, மத்தியானத்துக்குத் தோசை கேட்டவர்களுக்கு நிலைமையை விளக்கிக்கொண்டிருந்தார். மாதக்கணக்காக மின்னேற்றி இறக்கிப் பழசாக்கி வைத்திருந்த சூரன் கலங்கள் மூன்றைக் கல்லின்மேல் படுக்கப் போட்டார்கள். அரை மணி நேரம் சூடு, எட்டு இழுப்பு, ஆற விடுதல், மறுபடியும் சூடு. இரண்டு மணிக்கு மூன்றையும் பின்கட்டில் மணல் தொட்டிக்குள் வைத்து மின்னேற்றினார்கள்.

முதற்கலம் ஏறவில்லை; செத்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஏறியது. அமைதியாக, எந்தக் குறையும் இல்லாத கலத்தைப் போல ஏறியது. இரண்டு மணி முப்பத்தெட்டு நிமிடத்தில் அதன் வயிறு உப்பியது. சீறல் கேட்டது, வெள்ளைப் புகை, பிறகு தொட்டியின் மணலைச் சிதறடித்துக்கொண்டு ஒரு முழ நீளத்துக்குத் தீ. பீர்முகமது மணலை அள்ளிக் கொட்டினார். நான்கு நிமிடம் அது அணைய மறுத்தது.

சத்தம் கேட்டு வந்த ஞானதிரவியம் பின்கட்டு வாசலில் நின்றார்.

“இது வெயில்ல வச்சப்பவா வெடிச்சுது?”

“இல்லை. மறுபடி மின்னேற்றும்போது,” என்றார் சண்முகவடிவு.

“சார்ஜ் போடும்போதா?”

“ஆமாம்.”

ஞானதிரவியம் சட்டைப்பையில் கைப்பேசியைத் தேடினார்.

“கடையில அறுபது குழலை ஒரே ரேக்குல சொருகி வச்சிருப்பாங்கம்மா. அதுக்கு முன்னால ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கிறது என் மகதான். எஸ்தர்.”

ஞானதிரவியம் கைப்பேசியை எடுத்தார்.

“ஏட்டி, ரேக்குல இருக்கிறதை எல்லாம் பிடுங்கிப் போடு… எதுக்குன்னு கேக்காத… சூப்பர்வைசர் கிடக்கான். முதல்ல பிடுங்கு. பிடுங்கிட்டுத் தெருவுக்கு வா. வந்துட்டு எனக்குப் போன் போடு.”

சண்முகவடிவு உள்ளே போய், அறுநூறு குழல்களுக்கும் மறு உத்தரவு வரும்வரை மின்னேற்றக் கூடாது என்று எல்லாக் கடைகளுக்கும் செய்தி அனுப்பினார். அவ்வளவு அவருடைய அதிகாரத்தில் இருந்தது. அதுவும் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மட்டும். அதற்கு மேலே எல்லாம் அந்தத் தாள்தான்.

கையொப்பமிட்ட தாளை வாங்கிப்போகத் திட்ட இயக்குநர் மகிழ்நன் மூன்றரை மணிக்கே வந்துவிட்டார். சென்னையிலிருந்து விமானத்தில் தூத்துக்குடிக்கும், அங்கிருந்து காரிலும் வந்தவர். சண்முகவடிவைவிட ஏழு வயது இளையவர். மரியாதையில் ஒரு குறையும் வைக்காதவர். கருகிய கலத்தைத் தட்டில் வைத்து அவரிடம் காட்டினார்கள். நடந்தது அனைத்தையும் சண்முகவடிவு சொன்னார். யார் சொல்லித் தெரிந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

“மேடம், கோவிச்சுக்காதீங்க. மின்கலத்தை யார் தோசைக்கல்லுல வைக்கப் போறாங்க?”

“யாரும் வைக்க மாட்டார்கள். தகரக் கூரையில் வைப்பார்கள்.”

“வச்சாங்கன்னு பதிவு இருக்கா?”

“கலங்கள் ஒரு பக்கம் வெளுத்திருக்கின்றன.”

“அது ஊகம். பயன்பாட்டுல நடந்ததா ஒரு பதிவாவது இருந்தாத்தான் பட்டியல்ல இல்லாத சோதனையை ஏத்துக்க முடியும். இது நீங்க எழுதின விதி. நான் சொல்லிக் குடுக்கணுமா?” அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “என் பக்கத்தையும் பாருங்க. அடுத்த வாரம் தீபாவளி. அதுக்கப்புறம் ஒண்ணாம் தேதி பீடி கிடையாது. நீங்க சாதுன்னு எழுதினா ஒரு லட்சம் பேர் தப்பிச்சாங்க. மூணு லட்சம் பேர் கள்ளப் பீடிக்குப் போவாங்க. அதுல எதைக் கலந்து சுருட்டுவாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மூணு கலத்துல ஒண்ணு தீப்பிடிச்சதுக்காக மூணு லட்சம் பேரைக் கைவிடணுமா?”

“மூன்றை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கள்ளப் பீடியைப் பற்றி நீங்கள் சொல்வதும் சரி.”

“பிறகென்ன?”

“கலங்கள் இரண்டும் தேறிவிட்டன. தேறாதது அளவுகோல். தாகத்தை மின்கலத்தில் அடைத்து, மாதந்தோறும் குறைத்துக்கொண்டே வருகிறோம். குறையும்போது மனிதர்கள் சும்மா இருப்பார்கள் என்று நினைத்தோம். சாதுவையும் வெயிலில்தான் வைப்பார்கள். அது எரியாது, அவ்வளவே வேறுபாடு. அந்த வேறுபாட்டுக்குத்தான் நான் கையெழுத்துப் போடுகிறேன்.”

“பதிவு இல்லாம அந்தக் கையெழுத்து நிக்காது மேடம். நாளைக்கே வேற ஆய்வரை வச்சுச் சூரனுக்கு ஒப்புதல் வாங்கிருவாங்க. உங்களைப் பயமுறுத்தச் சொல்லல. நடக்கிறதைச் சொல்றேன்.”

அது உண்மை என்று சண்முகவடிவுக்குத் தெரியும். பத்து நிமிடம் அவகாசம் கேட்டுக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். எஸ்தர் தெருவுக்கு வந்துவிட்டதாகக் கைப்பேசியில் சொல்லியிருந்தாள். ஞானதிரவியம் பெஞ்சின் நுனியில் அமர்ந்து செத்த குழலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“நான் சொன்னேன்னு எழுதினாத்தான் நிக்குமாம்மா? சன்னல் திறந்துதான் இருந்துச்சு. கேட்டுட்டுத்தான் இருந்தேன்.”

“என்ன செய்ய வேண்டும் என்று உங்களிடம் நான் சொல்லக் கூடாது. விதியைப் படித்துக் காட்டலாம்.”

“படிங்க.”

அவர் கையேட்டைப் பிரித்து, அழுத்தம் ஏதுமின்றிப் படித்தார். “விதி பத்தொன்பது. குழலையோ கலத்தையோ முறைகேடாகக் கையாண்டதாகப் பதிவான பயனாளி திட்டத்திலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுவார். தாமே எழுத்து மூலம் விலகுபவர், காத்திருப்போர் பட்டியலின் இறுதியில் மீண்டும் சேரலாம். விலகியவரின் முந்தைய செயல்மீது நடவடிக்கை இல்லை.”

“இன்னொரு வாட்டி படிங்க.”

அதே குரலில் மறுபடியும் படித்தார்.

“மத்த பதினாலு பேரு?”

“சோதனையை ஏற்க ஒரே ஒரு பதிவு போதும்; அவர்கள் பெயர் வேண்டாம். சூரன் நிராகரிக்கப்பட்டால் இப்போது பட்டியலில் இருப்பவர்களுக்கு ஒரு வாரத்தில் சாது கிடைத்துவிடும்.”

“நான் பட்டியல்ல இருக்க மாட்டேன்.”

“இருக்க மாட்டீர்கள்.”

அவர் குழலைக் கைக்குட்டையில் சுற்றிப் பெஞ்சின்மேல் வைத்தார். எழுந்து, வராந்தாவின் கோடிவரை நடந்து, வாசற்கதவைத் தொட்டுவிட்டு நின்றார். போய்விடுவார் என்று சண்முகவடிவு நினைத்தார். போயிருந்தால் தடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. ஒருவேளை விருப்பமும் இல்லை. பீர்முகமது ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் பெஞ்சில் குழலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

சண்முகவடிவு தம் மேசைக்குத் திரும்பினார். சூரனுக்கு நேரே ‘நிராகரிக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். ‘காப்பு முறையாகச் செயற்பட்டது’ என்ற பழைய வரியை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் தம் பெயரின் முதலெழுத்தை இட்டார். மகிழ்நன் தாளைப் பார்த்தாரே தவிர எடுக்கவில்லை.

“இதோட இணைக்க வேண்டிய பதிவு எங்க?” என்று கேட்டார்.

சுவரில் நேரம் மூன்று ஐம்பத்தாறு.

கதவு தட்டப்பட்டது. ஞானதிரவியம் தாளை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய பெரிய எழுத்துகள். மகிழ்நன் அவரை நின்றபடியே படிக்கச் சொன்னார். அவர் படித்தார்.

“நயினார்குளம் சந்தை லோடுமேன் ஞானதிரவியம் எழுதிக்கொண்டது. இந்தத் திட்டத்தை விட்டு இன்றைக்கு நானாக விலகிக்கொள்கிறேன். இதற்கு முன்னால் கட்டையைக் கழற்றித் தகரத்தின் மேல் வெயிலில் வைத்து இழுத்தது உண்மை. நிறைய நாள் வைத்தேன். மறுபடி என் பெயரைக் கடைசியில் சேர்க்கவும்.”

“உங்க முறை வர பதினாலு மாசம் ஆகும் ஐயா,” என்றார் மகிழ்நன். அவர் குரலில் இப்போது சென்னையின் அவசரம் இல்லை.

“தெரியும் சார். அம்மா ரெண்டு வாட்டி படிச்சாங்க.”

“அதுவரைக்கும் என்ன செய்வீங்க?”

“அது என் பாடு.”

“உக்காருங்க. ஒரு டீ குடிச்சிட்டு நிதானமா யோசிங்க. நான் வேணும்னா அரை மணி நேரம் காத்திருக்கேன்.”

ஞானதிரவியம் நாற்காலியைப் பார்த்தார், உட்காரவில்லை. தாளை நீட்டினார்.

“நேரம் குடுத்தா மனசு மாறிரும் சார். இப்பவே வாங்கிக்கிடுங்க.”

மகிழ்நன் எழுந்து நின்று அதை வாங்கிக்கொண்டார்.